தண்ணியில் ஓடாத வண்டி

(மாணவர் படிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியது. பேச்சு நடையை முழுக்க மாற்றாமல் எழுத்தாக்கப்பட்டுள்ளது.)

என்னை ஹைட்ரஜன் பற்றிப் பேசத்தான் அழைத்தார்கள். அதற்கும் வருகிறேன். போன கூட்டத்தில் ஒரு தம்பி செல்போனில் ஒரு படம் காட்டினார். பைக் டேங்கில் குடத்துத் தண்ணியை ஊத்துறாங்க, உதைச்சா ஸ்டார்ட் ஆகுது, போகுது. "ஏழை வீட்டுப் பையன் கண்டுபிடிச்சதை ஆராய்ச்சி நிறுவனங்களும் எண்ணெய்க் கம்பெனிகளும் சேர்ந்து அமுக்குது"ன்னு கீழே எழுதியிருந்தது. தம்பிக்குக் கண் சிவந்திருந்தது. எனக்கு அந்தக் கோபம் புதுசு இல்லை. 1996இல் அதே கோபத்தில் நான் ஒரு துண்டறிக்கை எழுதினேன். இன்றைக்குப் பேசப்போவது அந்தத் துண்டறிக்கை பற்றித்தான்.

உங்களில் பலர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். ராஜபாளையம் பக்கத்தில் இடையன்குளம் கிராமத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை, தண்ணியில் ஒரு மூலிகையைப் போட்டுக் கொதிக்கவைத்து, உப்பு, எலுமிச்சைச் சாறு என்று சிலது சேர்த்தால் பெட்ரோல் மாதிரி எரிகிற திரவம் கிடைக்கும் என்றார். தண்ணீர்தான் எரிபொருளாகிறது என்பதுதான் பேச்சு. 1996 செப்டம்பரில் டெல்லி ஐ.ஐ.டி.யில் செய்து காட்டினார். பாத்திரத்தில் எரிபொருள் வந்தது. பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. நான் மதுரையில் கல்லூரியில் இருந்தேன். படித்தது என்ன தெரியுமா? இயற்பியல். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கொஞ்ச நாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் சோதனை வைத்தார்கள். அங்கே எடை போட்டார்கள், கருவிகளைச் சோதித்தார்கள். கலக்குகிற கோல் உள்கூடாக இருந்தது, அதற்குள் எரிபொருளை வைத்து மெழுகால் அடைத்திருந்தது, கொதிக்கிற சூட்டில் மெழுகு இளகி உள்ளே இருந்தது பாத்திரத்தில் இறங்கியது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னால் வந்த வழக்குகள் தனிக்கதை, அதற்குள் நான் போகவில்லை.

அந்த வாரம்தான் நான் துண்டறிக்கை எழுதினேன். டீக்கடையில், ஹாஸ்டலில், பஸ் ஸ்டாண்டில் கொடுத்தோம். "ஆங்கிலம் தெரியாத கிராமத்தான் கண்டுபிடித்தால் அறிவியல் ஆகாதா?" என்று தலைப்பு. அந்த வளாகத்தில் நம்ம ஆளுங்க எத்தனை பேர் பேராசிரியர், எத்தனை பேர் தோட்டக்காரர் என்று கேட்டிருந்தேன். ஏட்டறிவைக் கும்பிட்டுக் கையறிவை மிதிக்கிற நாடு என்று எழுதியிருந்தேன். இப்பவும் அதில் ஒரு வரியைக்கூட நான் அடிக்க மாட்டேன். கேள்வி எல்லாம் சரி. ஆனால் அந்தக் கேள்விகளுக்கும் கோலுக்குள் என்ன இருந்தது என்பதற்கும் என்ன சம்பந்தம்? நான் கோலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அறிவித்தவன் யார் என்று பார்த்தேன், முடிவு கட்டிவிட்டேன். (நம்ம ஆளு, நம்ம ஆளு என்று துள்ளினோமே, பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' என்று இருந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. அது கிடக்கட்டும்.)

இத்தனைக்கும் இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கல்லூரி வேண்டியதே இல்லை. எங்கப்பா கேஸ் வெல்டிங் பட்டறையில் கூலி. டிரம்முக்குள் கார்பைடு கல்லைப் போட்டுத் தண்ணி விடுவார். புஸ்ஸென்று கேஸ் வரும், நெருப்பு வைத்தால் இரும்பை அறுக்கும். திருவிழாக் கடைகளில் எரிந்த கார்பைடு விளக்கும் அதேதான். பார்க்கிறவனுக்குத் தண்ணி எரிகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் முதலாளி எதை எடை போட்டுப் பூட்டி வைத்தார்? கல்லை. கல்லு தீர்ந்தா குளத்தையே கொண்டுவந்து ஊத்தினாலும் நெருப்பு வராது. அந்தக் கல்லைச் செய்யச் சுண்ணாம்பையும் கரியையும் மின்சார உலையில் போட்டுக் காய்ச்சியிருக்கிறான். அந்த மின்சாரம்தான் சுற்றி வந்து பட்டறையில் எரிகிறது. அலுமினியப் பொடியைத் தண்ணியில் போட்டு வாயு எடுக்கிற வித்தைகளும் இந்த வகைதான். தண்ணி தீர்வது கண்ணுக்குத் தெரியும், உலோகம் தீர்வதை யாரும் காட்டமாட்டார்கள்.

தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல், தோழர்களே. விறகு எரிந்தால் சாம்பல். அந்தச் சாம்பலை மறுபடி விறகாக்க முடியாது என்று நான் சொல்லவில்லை, தண்ணீரை ஆக்கலாம். மின்சாரம் விட்டுப் பிரிக்கலாம். ஆனால் எரியும்போது எவ்வளவு வெப்பம் வெளியே போனதோ அவ்வளவையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர், எந்த நட்டமும் இல்லாத கற்பனை எந்திரத்தில்கூட 39 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். நிஜத்தில் 50 யூனிட், அதற்கும் மேலே.

இதை எனக்கு உறைக்கச் செய்தது பாடப்புத்தகம் இல்லை, எங்க அண்ணன்.

அண்ணன் மதுரையில் ஆட்டோ ஓட்டினார். 2012. பெட்ரோல் லிட்டர் எழுபது ரூபாயைத் தாண்டிய நேரம். ஒருத்தர் வந்து ஸ்டாண்டில் கிட் விற்றார். ஒரு பிளாஸ்டிக் ஜாடி, உள்ளே ஸ்டீல் தகடுகள், தண்ணியும் காஸ்டிக் சோடாவும். பேட்டரியிலிருந்து ஒயர் போகும், குமிழி வரும், ட்யூப் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போகும். "பாதித் தண்ணி, பாதிப் பெட்ரோல்"னு பேச்சு. விலை 14,000. அண்ணி மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தாங்க. நான் ஊருக்குப் போனபோது ஜாடி மாட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. "அண்ணே, இது வேலை செய்யாது"ன்னேன். அவர் பெட்டியைத் திறந்து மடிச்சு வச்சிருந்த ஒரு தாளை எடுத்துப் போட்டார். 1996இல் நான் எழுதிய துண்டறிக்கை. "நீதானேடா எழுதின? அப்ப தண்ணி எரிஞ்சுது, இப்ப எரியாதா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 12 வோல்ட், 10 ஆம்பியர், ஒரு மணி நேரம். ஜாடியில் ஆறு அறை, துளிகூட வீணாகவில்லை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டேன். வருகிற ஹைட்ரஜன் 2.2 கிராம். அதில் உள்ள வெப்பம் சுமார் 8 மில்லி பெட்ரோலுக்குச் சமம். இரண்டு டீஸ்பூன்கூட இல்லை. அந்த மின்சாரம் எங்கிருந்து வருது? இன்ஜின் சுற்றினால் காயில் சுற்றுது, காயில் சுற்றினால் கரண்ட். பெட்ரோலின் வெப்பத்தில் கால்வாசியைத்தான் இன்ஜின் சுழற்சியாக மாற்றும். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் காயில் மின்சாரமாக்கும். ஆக, அந்த 120 வாட்டை ஒரு மணி நேரம் எடுக்க 100 மில்லிக்குப் பக்கமாகப் பெட்ரோல் எரியணும். நூறு கொடுத்து எட்டு வாங்குகிற வியாபாரம். ராத்திரி ஹெட்லைட் மங்குதுன்னு அண்ணனே சொல்லிக்கிட்டிருந்தார். ஜாடி எங்கிருந்து தின்கிறது என்பது அவர் கண் முன்னால் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

கணக்கைக் காட்டினேன். அவர் தன் நோட்டைக் காட்டினார். கிட் போடும் முன் லிட்டருக்கு 29 கிலோமீட்டர், போட்ட பின் 34. "உன் பேப்பர் சொல்றதா, என் வண்டி சொல்றதா?" நியாயமான கேள்வி இது, சிரிக்காதீங்க. வண்டி சொல்வதைத்தான் கேட்கணும்.

நான் செய்ததைச் சொல்கிறேன், சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ராத்திரி அவர் தூங்கினபிறகு ஜாடிக்குப் போகிற ஒயரில் ஃபியூஸைப் பிடுங்கி, உள்ளே எரிந்துபோன ஃபியூஸைச் செருகிவிட்டேன். ஜாடியின் மூடி கறுப்பு, குமிழி வெளியே தெரியாது. ஐந்து நாள். வழக்கம்போல டேங்கை முட்ட நிரப்பினார், மீட்டரை எழுதினார், மறுநாள் நிரப்பினார், எழுதினார். சராசரி 34. ஐந்தாம் நாள் "பாத்தியா, தண்ணி எப்படி இழுக்குது"ன்னு சிரிச்சார். நான் ஃபியூஸை எடுத்து மேசையில் வைத்தேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அவனை நீ நேர்ல பார்த்ததுகூட இல்ல, அவனுக்காக நோட்டீஸ் போட்ட. கூடப்பொறந்தவனைச் சோதிச்சுப் பாக்குற."

எட்டு மாசம் என்னோடு பேசவில்லை. கடனை அண்ணிதான் அடைத்தாங்க, வட்டியோடு. விற்றவர் நம்பர் அதற்குள் செத்துப்போயிருந்தது.

29 எப்படி 34 ஆச்சு? கிட் மாட்டினவர் சும்மா மாட்டவில்லை. கார்புரேட்டரை ட்யூன் பண்ணினார், புது பிளக் போட்டார், டயருக்குக் காற்று அடித்தார், "முப்பத்தஞ்சுக்கு மேல முறுக்காதீங்க, கேஸ் சேராது"ன்னு சொல்லிவிட்டுப் போனார். பதினாலாயிரம் கொடுத்தவன் முறுக்குவானா? ஜாடி இல்லாமலே அதெல்லாம் பலன் தரும். மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது.

அதே 2012 ஜூலையில் பாகிஸ்தானில் இதே கூத்து நடந்தது. சிந்து மாகாணத்தைச் சேர்ந்த ஆகா வகார் என்பவர் தண்ணியில் கார் ஓட்டுவதாகச் சொன்னார். தொலைக்காட்சிகள் தூக்கிப் பிடித்தன, மந்திரிகள் வந்து பார்த்தார்கள். அணுகுண்டால் புகழ்பெற்ற அப்துல் கதீர் கானே இதில் மோசடி இல்லை என்றார். இயற்பியல் அடிப்படையே தெரியாதா உங்களுக்கு என்று கேட்டு எழுதியவர்களில் ஒருவர் பர்வேஸ் ஹூத்பாய். இங்கே நான் நிறுவனத்தை வெறுத்து ஏமாந்தேன், அங்கே பெரிய பெயரைக் கும்பிட்டு ஏமாந்தார்கள்.

அமெரிக்காவில் ஸ்டான்லி மேயர் கதை உங்களில் சிலருக்குத் தெரியும். 83 லிட்டர் தண்ணியில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் போகலாம் என்றவர். 1996இல், அதாவது நம்ம மூலிகைப் பெட்ரோல் வருஷமே, பணம் போட்ட இரண்டு பேர் வழக்குப் போட, ஒஹையோ நீதிமன்றம் நிபுணர்களை விட்டுப் பார்த்தது. அது சாதாரண மின்னாற்பகுப்புதான், புதுசா ஒன்றுமில்லை என்றார்கள். மோசடி என்று தீர்ப்பாகி, 25,000 டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 1998இல் அவர் இறந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததால் என்று பிரேதப் பரிசோதனை. விஷம் வைத்தார்கள் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறவர்கள் சொல்கிறார்கள். தீர்ப்பு அவர் உயிரோடு இருக்கும்போதே வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

தம்பி கையைத் தூக்குகிறார். "அப்ப கம்பெனிகள் எதையும் அமுக்குறதே இல்லையா?" அமுக்குவார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யார் அமுக்குகிறார்கள் என்று கேட்கிறதுக்கு முன்னாடி, கையில் என்ன இருக்கிறது என்று தராசில் வைத்துப் பார்த்துவிடலாம். தராசு எந்தக் கம்பெனிக்காரனும் கொடுக்க வேண்டாம், மளிகைக் கடையில் இருக்கிறது.

ஹைட்ரஜன் பற்றிக் கேட்டீர்கள். ஹைட்ரஜன் வண்டி நிஜம். ஆனால் அங்கே தண்ணி எரிபொருள் இல்லை. சூரிய மின்சாரமோ காற்றாலை மின்சாரமோதான் எரிபொருள், ஹைட்ரஜன் அதைச் சுமந்து போகிற குடம். 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்று இலக்கு. கிலோவுக்கு 9 லிட்டர் என்ற அந்தக் குறைந்தபட்சக் கணக்கிலேயே ஆண்டுக்கு 4,500 கோடி லிட்டர் தண்ணீர், சுத்திகரிப்பில் போகிறது தனி. அது எந்த ஊர் தண்ணி, கடல் தண்ணியைச் சுத்தம் செய்வார்களா, நிலத்தடியிலிருந்து உறிஞ்சுவார்களா என்று கேட்க ஆள் வேணும். தண்ணியில் வண்டி ஓடுதுன்னு படம் பார்த்துக்கிட்டிருந்தால் இதை யார் கேட்பது?

அண்ணனோட நோட்டைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். இப்போது பேசிக்கொள்கிறோம், வண்டியை விற்றுவிட்டார். 2012ஆம் வருஷப் பக்கத்தில் ஐந்து நாள் கணக்கும் இருக்கிறது. பக்கத்திலேயே பென்சிலில் "ஃபியூஸ் இல்ல"ன்னு பிற்பாடு அவரே எழுதி வைத்திருக்கிறார். கை மாற்றிப் பாருங்கள். தாள் பழசு, பக்கம் கழன்றுவிடும், பார்த்துப் புரட்டுங்க. திருப்பிக் கொடுக்கணும்.