பழைய சைடுகார், புதிய வண்டி

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்குழுவுக்குப் பிறகு, உறுப்பினர் பேச்சு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை. பேசியவரே எழுதித் தந்தது.)

செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். கீழே பார்க்கிங்கில் நிற்கும் மூன்று சக்கர வண்டியைப் பற்றி லிஃப்டில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கெல்லாம் ஒரே நாளில் பதில் சொல்லிவிடச் சொன்னார். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சி பிளாக் தம்பிகள் இருவர், என் வண்டியைப் பார்த்துவிட்டு, தாங்களும் ஒரு பழைய சைடுகாருக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சு பெரும்பாலும் அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்தான். மற்றவர்கள் வேடிக்கை கேட்கலாம்.

முதலில், ஏன் சைடுகார்? அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டது. வண்டியின் பின்சீட்டில் கால் தூக்கிப் போட்டு ஏற முடியாது. கார் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அப்பா காலத்தில் ஸ்கூட்டரோடு சைடுகார் வைத்திருந்தோம், அதில் காற்று வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனது அம்மாவுக்கு இன்னும் மனதில் நிற்கிறது. எண்பதுகளில் நடுத்தரக் குடும்பங்களுக்கு அது சாதாரண வாகனம். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, பக்கத்தில் பாட்டி, பாட்டி மடியில் காய்கறிப் பை. பிறகு சின்னக் கார்கள் வந்தன, சைடுகார்கள் காயலான் கடைக்குப் போயின. அங்கிருந்து மீண்டுவந்த ஒன்றைத்தான் வாங்கினேன். பழைய 350 சிசி புல்லட்டுக்காகச் செய்யப்பட்டது.

இங்கேதான் விஷயம் தொடங்குகிறது. அந்த இரும்பு இன்ஜின் புல்லட்டின் சக்தி 18 குதிரை. மணிக்கு அறுபது கிலோமீட்டர் போனாலே பெரிய காரியம். நான் அதை மாட்டியது 2023 ஜனவரியில் சந்தைக்கு வந்த சூப்பர் மீட்டியார் 650-இல். 47 குதிரை சக்தி, 241 கிலோ எடை. சைடுகாரைச் செய்தவர் கணக்குப் போட்டது ஒரு வண்டிக்கு, நாம் கட்டுவது வேறொரு வண்டிக்கு. டப்பாவைத் தேடிப் பிடிப்பது, பெயின்ட் அடிப்பது, சீட் தைப்பது எல்லாம் கால்வாசி வேலை. மீதி முக்கால்வாசியும் இரண்டும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது.

ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் காகித வேலை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் சைக்கிள்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே, கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரும் அடங்கும். அதைப் படித்துவிட்டு, அப்படியானால் யாரையும் கேட்க வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். மறுபக்கம், அரசின் வாகன் பதிவு முறையில் 'மோட்டார் சைக்கிள்/ஸ்கூட்டர், சைடுகாருடன்' என்று தனி வகையே இருக்கிறது. ஆகவே வழி இருக்கிறது, கேட்டுக்கொண்டு போக வேண்டும். வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பித்து, பதில் வந்த பிறகுதான் நான் பட்டறைக்குப் போனேன். மாட்டிய பின் ஆய்வு, ஆர்.சி.யில் பதிவு, இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம். இவை முடியும்வரை அந்த சீட்டில் உட்கார்ந்தது மணல் மூட்டைதான்.

இன்னொன்று. நான்கு வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும், மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகப்படுபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். அம்மா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. கொண்டைக்கு இடம் விட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தபின் சரியாகிவிட்டது.

இப்போது இரும்புக்கு வருவோம். பழைய சைடுகாரின் அழகைப் பார்க்காதீர்கள், அடியில் படுத்துப் பாருங்கள். சேஸிஸ் குழாயைச் சின்ன சுத்தியலால் முனையிலிருந்து முனைவரை தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த ஓசை எங்கே 'டொக்' என்று மாறுகிறதோ அங்கே உள்ளே துரு. வெல்டிங் ஓரங்களில் பெயின்ட்டைச் சுரண்டி விரிசல் தேடுங்கள். பட்டை ஸ்பிரிங், புஷ், சக்கர பேரிங் மூன்றையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். வெளிநாட்டுப் பழைய சைடுகார் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அது எந்தப் பக்கத்துக்கானது என்று முதலில் கேளுங்கள். வலப்பக்கம் போகும் நாடுகளில் சைடுகாரும் வலப்பக்கம். நமக்கு இடப்பக்கம். திருப்பி மாட்டலாம் என்பவரிடம் கதவும் சக்கரமும் எங்கே வரும் என்று கேளுங்கள்.

அடுத்து இணைப்பு. ஒரு காலத்தில் வண்டி செய்கிறவர்களே சைடுகாரை நினைத்துச் செய்தார்கள். 1955 முதல் பி.எம்.டபிள்யூ. வண்டிகளில் வந்த ஏர்ல்ஸ் வகை முன்போர்க்கில், தனியாக ஓட்ட ஒரு துளை, சைடுகாரோடு ஓட்ட ஒரு துளை என்று இரண்டு இடம் வைத்திருந்தார்கள். பிரேமிலேயே சைடுகார் மாட்டக் குமிழ்கள் இருந்தன. இன்றைய டூரிங் வண்டிகளில் அப்படி எதுவும் கிடையாது. என் வண்டியில் சைடுகாரின் கீழ்க்கைகள் வந்து சேரும் உயரத்தில், கிளாம்ப் பிடிக்க ஒரு நேரான உருண்டைக் குழாய்கூட இல்லை. பழைய சைடுகாரோடு வரும் கிளாம்ப் எல்லாம் பழைய குழாய் அளவுக்கு.

ஒரு பட்டறையில், லெக்கார்டில் ஒரு பிடி, ஃபுட்ரெஸ்டில் ஒரு பிடி, பிரேமில் இரண்டு வெல்டிங், சாயங்காலம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். லெக்கார்டு வண்டி விழுந்தால் வளைவதற்காக இருப்பது. அதில் ஆளைத் தொங்கவிடக் கூடாது. புது வண்டியின் பிரேமில் வெல்டிங் வைத்தால் சூடுபட்ட இடத்தின் ஓரம் பலவீனமாகும். பிறகு அங்கேதான் விரிசல் விடும்.

சரியான வழி சப்பிரேம். அதாவது வண்டிக்கும் சைடுகாருக்கும் நடுவே தனியாக ஓர் இரும்புச் சட்டம். வண்டியில் ஏற்கெனவே உள்ள பலமான போல்ட் இடங்களை, முன்பக்க இன்ஜின் மவுன்ட், ஸ்விங் ஆர்ம் பகுதி போன்றவற்றை மட்டும் பிடித்துக்கொண்டு அது நிற்க வேண்டும். வண்டியில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடக் கூடாது. அந்தச் சட்டத்திலிருந்து நான்கு இடத்தில் சைடுகாரைப் பிடிக்கிறோம்: கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழ்ப்பிடிகள் இழுவையைத் தாங்கும், மேல்பிடிகள் சாய்வைத் தீர்மானிக்கும். மூன்று போதும் என்பார்கள். மூன்றில் ஒன்று போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். போல்ட் எல்லாம் 8.8 கிரேடு அல்லது அதற்கு மேல், தலையில் எண் குத்தியிருக்க வேண்டும். 'ஷோலே' படத்தில் சைடுகார் தனியாகக் கழன்று போகும், பார்த்துச் சிரித்திருக்கிறோம். அதில் அம்மா உட்கார்ந்திருக்கவில்லை.

பிறகு அளவுகள். இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. சமதளத்தில் நிறுத்தி, வண்டியின் இரு சக்கரங்களை ஒட்டி ஒரு நீளமான அலுமினியச் சட்டம், சைடுகார் சக்கரத்தை ஒட்டி இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலான தூரம் பின்னால் இருப்பதைவிட முன்னால் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். பொதுவாக 12 முதல் 25 மில்லிமீட்டர், எனக்கு 20. அதாவது சைடுகார் சக்கரம் லேசாக வண்டியை நோக்கித் திரும்பியிருக்கும். குறைந்தால் வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டே போகும், அதிகமானால் டயர் தேயும். அடுத்து, வண்டி சைடுகாரை விட்டு விலகி ஒன்று, ஒன்றரை டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நம் சாலைகள் இடது ஓரத்துக்குச் சரிந்தவை, அதைச் சமன்செய்யத்தான் இது. நான் வண்டியிலும் அம்மா எடைக்கு மூட்டை சைடுகாரிலும் இருக்கும்போது எடுத்த அளவு இது. வெறும் வண்டியில் எடுத்தால் பயனில்லை. மூன்றாவதாக, சைடுகார் சக்கரத்தின் அச்சு, வண்டியின் பின்சக்கர அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். எனக்கு 230 மில்லிமீட்டர். இது குறைந்தால் வலப்பக்கம் திரும்பும்போது சைடுகாரின் மூக்கு தரையைத் தேடும்.

ஹேண்டில்பார் கனக்கும். டூரிங் வண்டியின் முன்பக்கம் நேராக ஓடும் குணத்தோடு செய்யப்பட்டது, மூன்று சக்கரத்துக்கு அது பிடிவாதமாகிவிடும். காசு இருந்தால் லீடிங் லிங்க் போர்க் போடலாம். நான் போடவில்லை. ஸ்டீயரிங் டாம்பர் மட்டும் போட்டிருக்கிறேன். மெதுவாகப் போகும்போது வரும் நடுக்கம் அதோடு அடங்கியது. தோள்வலி என்னோடு இருக்கட்டும்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். தம்பிகளே, வண்டியில் இருப்பது இரட்டைச் சானல் ஏபிஎஸ். அந்த ஆயில் லைனில் 'டி' போட்டு சைடுகார் பிரேக்குக்கு ஒரு கிளை எடுக்காதீர்கள். அந்த முறை இரண்டு சக்கரத்தின் அளவுக்கு அமைக்கப்பட்டது. சைடுகாருக்குத் தனி மாஸ்டர் சிலிண்டர், பின் பிரேக் பெடலுக்குப் பக்கத்திலேயே தனிப் பெடல். ஒரே காலால் இரண்டையும் சேர்த்து மிதிக்கலாம், தனியாகவும் மிதிக்கலாம். விலை கூடிய வண்டிகளில் சாய்வை அளக்கும் சென்சாரும் இருக்கும். சாயவே சாயாத வண்டியில் அது என்ன புரிந்துகொள்ளும் என்று கம்பெனியில் கேட்காமல் கைவைக்காதீர்கள். மின்விளக்கில் ஒரே குறிப்பு: வண்டியின் இடது இண்டிகேட்டரை சைடுகார் மறைத்துவிடும், ஆகவே இண்டிகேட்டர், பார்க் லைட், பின் லைட் மூன்றும் சைடுகாருக்கு வேண்டும்.

எல்லாம் மாட்டியாயிற்று. இப்போது ஓட்டுபவரை மாற்ற வேண்டும். இருபது வருடம் பைக் ஓட்டியவர்தான் இதில் அதிகம் தடுமாறுவார். இது சாயாது. ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் திரும்பும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இடப்பக்கம் இழுக்கும், ஏனென்றால் சைடுகார் பின்தங்கும். பிரேக் பிடித்தால் வலப்பக்கம் போகும், ஏனென்றால் சைடுகார் முந்தப் பார்க்கும். இடப்பக்கம் வேகமாகத் திரும்பினால் சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும். நம் ஊரில் இடப்பக்கத் திருப்பம்தான் குறுகலானது. நம் கேட்டை விட்டு வெளியே வந்தவுடன் எடுப்பதும் அதுதான். ஆள் இல்லாதபோது முப்பது நாற்பது கிலோ மணல் மூட்டையை வைத்துத்தான் ஓட்டுகிறேன். ஒரு மாதம் ஞாயிறு காலைகளில் காலி மைதானத்தில், வேண்டுமென்றே அந்தச் சக்கரத்தை மெதுவாகத் தூக்கித் தூக்கி இறக்கிப் பழகினேன். எந்த இடத்தில் எழும் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஐம்பது, பிறகு இருநூறு கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரென்ச் வைத்துப் பார்த்தேன். இப்போதும் மாதம் ஒருமுறை. வேகம் அறுபதைத் தாண்டுவதில்லை. பைக்குக்குக் குழியைத் தாண்ட ஒரு தடம் போதும். இதற்கு இரண்டு தடம், ஏதாவது ஒன்று குழியைக் கண்டுபிடித்தே தீரும்.

கடைசியாக நம் கட்டடம் பற்றி. மொத்த அகலம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வருவதால் டூவீலர் வரிசையில் நிறுத்த முடியாது. என் கார் இடத்தில் ஒட்டி நிறுத்திக்கொள்கிறேன், பக்கத்து வீட்டாரின் கோட்டைத் தொடவில்லை. பேஸ்மென்ட் சரிவில் நிறுத்தவே மாட்டேன். இதில் ரிவர்ஸ் கியர் கிடையாது, நடுவில் நின்றால் நான்கு பேர் தள்ள வேண்டும். நிறுத்தியதும் கியரில் விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்திருப்பேன். குழந்தைகள் அந்தக் கட்டையை விளையாட எடுத்துப்போக வேண்டாம்.

தம்பிகள் இருவரும் அட்வான்ஸ் கொடுத்த சைடுகாரை வாங்கி வருவதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள். சுத்தியலோடு வருகிறேன். ஏறி உட்கார்ந்து பார்க்க விரும்பும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கீழே வரலாம். வண்டி நின்ற இடத்திலேயேதான் நிற்கும்.