மகள் வீட்டுக்கு ஒரு கடன்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

உள்கடன் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். கறவை மாடு, பெட்டிக்கடை எல்லாம் முன்னாடி பேசினவங்க சொல்லிட்டாங்க. நான் மகள் வீட்டுக்கு வாங்கின கடனைப் பத்திச் சொல்றேன்.

என் மகள் திருப்பூர்ல பனியன் கம்பெனி டெய்லர். மருமகன் லாரி ஓட்டறார், பாதி நாள் வெளியூர். ரெண்டு குழந்தைங்க. ஒன்றரை ஷிப்ட்டுன்னா காலையில எட்டரைக்குப் போனவ ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவா. தண்ணி தினமும் வராது, வர்ற அன்னைக்கு டிரம்முல பிடிச்சாகணும். தீபாவளிச் சீர், பொங்கல் சீர் கொடுத்தா ஊரே பார்க்குது. ஆனா அவளுக்கு வேண்டியிருந்தது சேலை இல்லீங்க, கூடமாட வேலை செய்ய ஆள்.

அதனால நானும் எங்க வீட்டுக்காரரும் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிருவோம். (டவுன் பஸ்ல எனக்கு டிக்கெட் கிடையாது, செலவெல்லாம் அவருக்குத்தான்!) அவர் மோட்டார் ரிப்பேர் பார்த்தவர். குழாய்க்கு வாஷர் மாத்துவார், மிக்சி வயரைப் பார்ப்பார். பெரிய டிரம்முக்கு அடியில ஒரு குழாய் வெச்சுக் கொடுத்தார். இப்ப குழந்தைங்களே தண்ணி பிடிச்சுக்குது. மாமனார் வந்து வீட்டுல கை வைக்கறது மருமகனுக்கு முதல்ல சங்கடமாத்தான் இருந்தது. அதனால கேட்காம எதையும் தொடமாட்டார். இப்ப மருமகனே என்னென்ன வேலை இருக்குன்னு எழுதி வெச்சுட்டுப் போறார்.

என் வேலை மாவு. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கு ஆட்டி வெச்சா, வெயிலுக்குச் செவ்வாய்க்கிழமைக்குள்ள புளிச்சுப் பொங்கிரும். ஃபிரிட்ஜ் இல்லாம எங்க உதவி ரெண்டு நாளைக்குத்தான் வந்தது.

அதுக்குத்தான் குழுவுல 12,000 ரூபாய் கேட்டேன். “கட்டிக் கொடுத்தாச்சு, இனி அது அவங்க பாடு. குழுப் பணம் எதுக்கு வெளியூருக்குப் போகணும்?”னு ஒரு அக்கா கேட்டாங்க. அதுல நியாயம் இல்லாம இல்லை. தவணை நின்னா பாதிப்பு எல்லாருக்கும்தான். “மாடு வாங்கன்னு எழுதிக்கோ, பேசாம வாங்கிட்டுப் போ”ன்னு இன்னொருத்தர் வழி சொன்னாங்க. கடன் என் பேருல, கட்டற பொறுப்பும் என்னோடது, ஆனா காரணத்தைப் பொய்யா எழுத மாட்டேன்னு நின்னேன். மூணு கூட்டம் இழுத்து, கடைசியில கொடுத்தாங்க.

நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. மாசம் ஆயிரம் அசல். முதல் மாசம் வட்டி 120, அப்புறம் மாசாமாசம் பத்துப் பத்தாக் குறைஞ்சு கடைசியில 10. மொத்த வட்டியே 780 ரூபாய்தான். சம்பளம் வாங்கினதும் மகள் அனுப்பிருவா, நான் கூட்டத்துல கட்டிருவேன். 12 தவணையும் முடிஞ்சது. ஃபிரிட்ஜ் பில்லை அவ பேருலயே போடச் சொன்னோம்.

“எல்லாம் அக்காவுக்குத்தானா?”ன்னு மகன் கேட்டான். “உன் வீட்டுக்குத் தினமும் மாவு ஆட்டறது யாருப்பா?”ன்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டான்.

நான் கேட்கிறது ஒண்ணுதான். கடன் விண்ணப்பத்துல காரணம் எழுதற இடத்துல ‘மகள் வீட்டுத் தேவை’ன்னு நேராவே எழுத எல்லாக் குழுவிலும் தீர்மானம் போடணும். திருப்பிக் கட்டற வழி என்னன்னு நல்லாக் கேளுங்க, தவணையைக் கறாரா வசூல் பண்ணுங்க. எங்க குழுவுல இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. ஒருத்தர் மகளுக்கு கிரைண்டர், இன்னொருத்தர் மகளுக்கு வாடகை வீட்டு அட்வான்ஸ். அடுத்த கூட்டத்துல பதில் சொல்லணும்.