அறிவுரை எனும் சொல்!

(ஆவடிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

டாங்கிகள் செய்யும் ஊர் இது. இங்கே நின்று, இமயத்தின் மடியிலே உள்ள சின்னஞ்சிறு பூட்டானைப் பற்றிப் பேசுகிறேன். காரணமுண்டு.

1949 ஆகஸ்டு 8. டார்ஜிலிங்கிலே உடன்படிக்கை. உள்ளாட்சியிலே தலையிடோம் என்றது இந்தியா. ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் தந்தது. வெள்ளையன் பறித்த தேவன்கிரியிலே 32 சதுர மைலைத் திருப்பித் தந்தது. பாராட்டுகிறேன்! ஆனால், இரண்டாவது விதி? வெளிநாட்டு உறவிலே இந்தியாவின் அறிவுரைப்படி நடக்கப் பூட்டான் இசைந்ததாம். அறிவுரை! எவ்வளவு இனிய சொல்! மாமியார் மருமகளுக்குத் தருவதும் அறிவுரைதானே! (சிரிப்பு)

அடுத்த வீடு சிக்கிம். 1950-லே பாதுகாப்புக்குட்பட்ட நாடு. 1975-லே இந்தியாவின் 22-ஆவது மாநிலம். மன்னராட்சி மாண்டதற்கு நான் கண்ணீர் வடிக்கவில்லை. ஆனால், அந்தச் செய்தி கேட்ட திம்பு நிம்மதியாக உறங்கியிருக்குமா?

பூட்டான் அறைகூவவில்லை, ஆர்ப்பரிக்கவில்லை. 1971-லேயே, இந்தியாவின் ஆதரவோடு, ஐ.நா. மன்றத்திலே இடம்பெற்றிருந்தது. 2007 பிப்ரவரியிலே புதிய உடன்படிக்கை. அறிவுரை என்ற சொல் அகன்றது. ஒத்துழைப்பு என்ற சொல் அமர்ந்தது. ஒரு சொல்லை நீக்க ஏறத்தாழ 58 ஆண்டு, தோழர்களே!

பிணைப்பு அறுந்ததா? இல்லை. தாலாவிலே 1,020 மெகாவாட் மின்நிலையம். கட்டியது இந்தியப் பணம், மின்சாரம் வருவதும் இங்கேதான். பூட்டானின் நாணயம் ங்குல்ட்ரம், ரூபாய்க்குச் சரிநிகர். ரூபாய் சரிந்தால் அதுவும் சரியும். ஏனென்று கேட்க, டெல்லி நாடாளுமன்றத்திலே சிக்கிமுக்கு அவைக்கொருவராக இருவர் உண்டு, பூட்டானுக்கு எவருமில்லை. ஐ.நா.விலோ பூட்டானுக்கு ஓட்டு உண்டு, சிக்கிமுக்கு இல்லை.

இரண்டிலே எதை விரும்புவீர்கள் நீங்கள்?