வாங்கும் கைக்கும் வலிமை உண்டு
(ஜூபிலி கருத்தரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏறிய வரலாறு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அறுபது, எழுபதுகளில் ஆப்பிரிக்க, ஆசிய மருத்துவமனைகளுக்குப் பால்மாவுக் கம்பெனிகள் நர்ஸ் உடையில் பெண்களை அனுப்பின. மாவு இலவசமாகக் கிடைத்தது. அதைக் கொடுக்கக் கொடுக்கத் தாயிடம் பால் வற்றியது. பிறகு காசு கொடுத்து வாங்க வேண்டும்! வசதியற்ற தாய் ஒரு டப்பாவைப் பல நாள் நீட்டினாள். அசுத்தத் தண்ணீரில் கரைத்தாள். பச்சிளம் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிந்தன.

எதிர்த்தவர்களிடம் பணமில்லை, யுக்தி இருந்தது. 1974இல் லண்டனில் 'வார் ஆன் வான்ட்' என்ற ஸ்தாபனம் இதைப்பற்றிச் சிறு பிரசுரம் வெளியிட்டது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் குழு ஒன்று அதை மொழிபெயர்த்து, 'நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது' என்று தலைப்பிட்டது. கம்பெனி அவதூறு வழக்குப் போட்டது. 1976இல் அந்தத் தலைப்பு அவதூறே என்று தீர்ப்பாயிற்று. ஆளுக்கு 300 பிராங்க் அபராதம். ஆனால் விளம்பர முறையை மாற்றும்படி கம்பெனிக்கும் நீதிபதி புத்தி சொன்னார். ஊர் அறியாத சேதியை உலகம் அறிந்தது!

அதே ஆண்டு அமெரிக்காவில் திரு இரத்த சபைக் கன்னியர், பிரிஸ்டல் மையர்ஸ் கம்பெனியில் தங்களுக்கிருந்த பங்குகளையே ஆயுதமாக்கினார்கள். "பங்குதாரர்களான எங்களுக்குச் சரியான தகவல் தரவில்லை" என்று வழக்காடினார்கள். கோர்ட் தள்ளுபடி செய்தது. சோர்ந்தார்களா? அப்பீல் போனார்கள், 1978இல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது.

1977 ஜூலை 4 அன்று மினியாப்பொலிஸில் நெஸ்லே பகிஷ்காரம் தொடங்கியது. அந்நாட்டில் நெஸ்லே பால்மாவு அப்போது விற்பனையில் இல்லை. ஆகவே அதன் காபியையும் சாக்லேட்டையும் வாங்க மறுத்தார்கள். எங்கோ அழும் குழந்தைக்காக இங்கே ஒருவர் தம் காபியை மாற்றிக்கொண்டார்!

1981இல் உலக சுகாதார சபை பால்மாவு விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. ஆதரவு 118 நாடுகள். எதிர்த்தது அமெரிக்கா மட்டுமே. 1984இல் நெஸ்லே இணங்கியது. வாக்கைக் காக்கவில்லை என்று 1988இல் பகிஷ்காரம் மீண்டும் எழுந்தது. நம் நாட்டில் 1992இல் சட்டம் வந்தது. இன்று பால்மாவு டப்பாவில் குழந்தை படம் இல்லாதது அந்தச் சட்டத்தால்தான்.

இதில் நமக்குப் பாடம் என்ன? கோபத்தில் மிகைப்படுத்தாதீர்கள், தண்டனை பெற்றது தலைப்புத்தான். கையிலிருப்பது பங்குப் பத்திரமோ, கடை ரசீதோ, அதைப் பத்திரப்படுத்துங்கள். கூடிப் பேசுங்கள். ஒரு வெற்றியோடு உறங்கிவிடாதீர்கள். வாங்க மறுக்கும் கைக்கு லைசென்ஸ் தேவையில்லை.