பழைய பாணியும் புதிய குரலும்



பழைய பாணியில் அமைந்த பாட்டொன்றை இக்காலத்துப் பாடகர் ஒருவர் பாடி இசைத்தட்டாக வெளியிட்டாரென்று வைத்துக்கொள்வோம். அதனைக் கேட்டவர்களிடையே இருவேறு குரல்கள் எழுவதை நாம் எங்கும் காணலாம். "இழந்த செல்வம் மீண்டு வந்தது" என்று மகிழ்வார் ஒரு சாரார். "இது வெறும் நகல், மூலம் இருக்க நகல் எதற்கு?" என்று முகஞ்சுளிப்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் இசையை விரும்புபவர்களே. அதே பழைய பாடல்களைப் போற்றுபவர்களே. அவ்வாறிருந்தும் ஒரே இசைத்தட்டு அவர்களை இரு கட்சியாக்கி விடுகின்றது. இதற்குக் காரணம் யாது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். அதற்கு எடுத்துக்காட்டாக, 1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த "ஷடோலாண்ட்" என்னும் இசைத்தட்டைக் கொள்வோம். பாடியவர் கே. டி. லாங் என்னும் கனடா நாட்டுப் பாடகி.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில், மலைக் குடியானவரிடத்தும் ஆலைத் தொழிலாளரிடத்தும் வழங்கிய பாடல்களிலிருந்து வளர்ந்ததே கன்ட்ரி இசை. பிரிவும், வறுமையும், வழி தவறிய காதலும், வீட்டு நினைவுமே அதன் பாடுபொருள்கள். 1925இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரின் வானொலி நிலையமொன்று "கிராண்ட் ஓல் ஒப்ரி" என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. 1927இல் பிரிஸ்டல் நகரில் நடந்த ஒலிப்பதிவுகள் காட்டர் குடும்பத்தாரையும் ஜிம்மி ரொட்ஜர்ஸையும் உலகுக்கு அறிமுகஞ் செய்தன. இவ்விசை இலங்கை நேயருக்கு அந்நியமானதன்று. ஜிம் ரீவ்ஸ் என்பாரின் மென்மையான குரலை இந்நாட்டில் எத்தனையோ இல்லங்கள் தம்முடையதாகவே ஏற்றுக்கொண்டன. 1964இல் அவர் விமான விபத்தில் மாண்ட பின்னரும் அக்குரலுக்கு இங்கு மதிப்புக் குறையவில்லை.

ஆனால் ஜிம் ரீவ்ஸ் பாடிய முறை, கன்ட்ரி இசையின் ஆதி முறை அன்று. இதனை மனத்திற் கொண்டாலன்றி நம் பொருள் விளங்காது. ஆதியில் அவ்விசைக்குப் பிடிலும், பாஞ்சோவும், மூக்கொலி கலந்த உரத்த குரலுமே அடையாளங்கள். பிற்காலத்தில் அழுகையை ஒத்த ஓசையுடைய ஸ்டீல் கிற்றாரும் சேர்ந்துகொண்டது. 1956ஆம் ஆண்டளவில் எல்விஸ் பிரெஸ்லியின் எழுச்சியோடு றொக் அன்ட் றோல் இசை இளைஞர் உள்ளங்களைக் கவர்ந்து சென்றது. கன்ட்ரி இசைத்தட்டுகளின் விற்பனை தளர்ந்தது. அவ்விடரிலிருந்து மீள்வதற்கு நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவாளர் சிலர் ஒரு வழி கண்டனர். பிடிலை ஒதுக்கி வயலின் குழுவை அமர்த்தினர். ஸ்டீல் கிற்றாரை அடக்கிப் பின்னணியிற் சேர்குரல் பாடுவோரை நிறுத்தினர். பாடகரின் குரலைத் தணித்து, நேயரின் செவியருகே நின்று பேசுவது போல ஆக்கினர். இதற்கு "நாஷ்வில் ஓசை" என்று பெயர் வழங்கலாயிற்று. இதனை வகுத்தவருள் தலையாயவர் இருவர்: ஒருவர் ஜிம் ரீவ்ஸின் பாடல்களைப் பதிவுசெய்த செற் அட்கின்ஸ், மற்றவர் டெக்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஓவன் பிராட்லி.

ஓவன் பிராட்லி உருவாக்கிய பாடகியருள் ஈடிணையற்றவர் பற்சி கிளைன். வர்ஜீனியா மாநிலத்தில் 1932இற் பிறந்த இவ்வம்மையார், 1963 மார்ச் 5ஆம் நாள், முப்பது வயதிலேயே, விமான விபத்தில் உயிர்நீத்தார். இறப்பதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகளிற் பதிவான பாடல்களே அவர் புகழை நிலைநாட்டின. வில்லி நெல்சன் இயற்றிய "கிரேசி" அவற்றுள் ஒன்று. 1961இல் வீதி விபத்தொன்றில் விலா எலும்பு நொந்திருந்தமையால், அப்பாடலின் உச்ச இடங்களை அவராற் பாட இயலவில்லை. இசைக்குழுவின் வாசிப்பை முதலிற் பதிவுசெய்து வைத்து, அவர் தேறிய பின்னர் குரலைச் சேர்த்தனர். இன்னொரு செய்தியும் நினைவிற் கொள்ளத் தக்கது. வயலின் இசையும், ஜோர்டனேயர்ஸ் என்னும் ஆண்குரற் குழுவும் தம் பாடலிற் புகுந்ததைப் பற்சி கிளைன் முதலில் விரும்பவில்லை. கால்நடைப் பண்ணைப் பெண்ணின் உடையணிந்து, யோடல் என்னும் குரலுடைப்பு முறையிற் பாடுவதே அவருக்கு உவப்பாயிருந்தது. எந்தப் பாணியை இன்று நாம் பற்சி கிளைன் பாணி என்கின்றோமோ, அந்தப் பாணியைப் பற்சி கிளைனே தயக்கத்தோடுதான் ஏற்றார்!

இனிக் கே. டி. லாங்கிடம் வருவோம். கனடாவில் அல்பேர்ட்டா மாகாணத்து எட்மன்ரன் நகரில் 1961 நவம்பரிற் பிறந்து, கொன்சோட் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் இவர். இளமையிலேயே பற்சி கிளைனின் பாடல்களிற் பெரும் ஈடுபாடு கொண்டார். தம் இசைக்குழுவுக்கு "ரீகிளைன்ஸ்" என்று, கிளைனின் பெயர் உள்ளடங்குமாறு பெயரிட்டார். தாம் பற்சி கிளைனின் மறுபிறவி என்றுகூடச் சொல்லிவந்தார். பற்சி மறைவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே இவர் பிறந்துவிட்டமையால், இம்மறுபிறவிக் கணக்கு நாட்காட்டியோடு பொருந்தவில்லை. எனினும் அன்பின் மிகுதியிற் பிறந்த கூற்றென விட்டுவிடலாம். கத்தரித்த தலைமயிரும், விசித்திரமான உடையும், மேடையெங்கும் துள்ளும் ஆட்டமுமாக அவர் தோன்றினார். 1985இற் கனடாவின் ஜூனோ விருதைப் பெறுவதற்கு மணமகளின் வெள்ளுடையில் மேடையேறினார். சிலர் நகைத்தனர், சிலர் ஐயுற்றனர்.

இத்தகைய ஒருவருக்காக, ஒலிப்பதிவுப் பணியிலிருந்து பெரும்பாலும் ஓய்வுபெற்றிருந்த ஓவன் பிராட்லி மீண்டும் பணிக்கு வந்தார். பற்சி கிளைனின் பாடல்களை உருவாக்கிய அதே கைகள் "ஷடோலாண்ட்" இசைத்தட்டை உருவாக்கின. வயலின் குழு வந்தது, ஜோர்டனேயர்ஸ் வந்தனர். இறுதிப் பாடல் கோவையில் கிட்டி வெல்ஸ், லொரெற்றா லின், பிரெண்டா லீ என்னும் மூத்த பாடகியர் மூவர், இருபத்தாறு வயதுடைய லாங்குடன் சேர்ந்து பாடினர். மூவரும் பிராட்லியின் கீழ் முன்னர்ப் பாடிப் புகழ் பெற்றவர்கள்.

இசைத்தட்டு வெளிவந்ததும் கருத்துகள் பலவாகப் பிரிந்தன. அவற்றை நால்வகையாகத் தொகுக்கலாம்.

முதல் வகையினர் மனமுருகினர். கால் நூற்றாண்டாகக் கேளாத ஓசையை மீண்டும் கேட்டோம். குரலோ வளமும் கட்டுப்பாடும் நிறைந்தது. வேறென்ன வேண்டும் என்றனர். இரண்டாம் வகையினர், குரல் சிறந்ததே, ஆயினும் பாணி இரவல் வாங்கியது என்றனர். பற்சியின் பாடல்கள் அவர் வாழ்வின் துயரத்திலிருந்து வந்தவை. இவையோ இசைத்தட்டுகளிலிருந்து கற்றவை என்பது அவர்கள் வாதம். மூன்றாம் வகையினரின் ஐயம் வேறு. மேடையில் விளையாட்டுக் காட்டியவர் நம் இசையை உண்மையிலேயே மதிக்கின்றாரா, நையாண்டி செய்கின்றாரா என்று அவர்கள் கேட்டனர். நான்காம் வகையினர், இது கன்ட்ரி இசையே அன்று என்றனர். வயலினும் மெல்லிய சேர்குரலும் நகரத்தாரின் ஒப்பனைகள். உண்மையான பழமை பிடிலிலும் ஸ்டீல் கிற்றாரிலுமே உள்ளது என்று வாதிட்டனர்.

இசைத்தட்டு நன்கு விற்பனையாயிற்று. ஆனால் அமெரிக்கக் கன்ட்ரி வானொலி நிலையங்கள் அதனை விருப்போடு ஒலிபரப்பவில்லை. மக்கள் காசு கொடுத்து வாங்கிய பாட்டை வானொலி வழங்கத் தயங்கியது என்பது சிந்திக்கத் தக்கது.

இவற்றுள் நான்காம் வகையினரின் கருத்தே நமக்குப் பெரிதும் பயன் தருவது. அக்காலத்திற் பழமைக்குத் திரும்பும் இயக்கம் ஒன்று கன்ட்ரி இசையில் ஓங்கியிருந்தது. ராண்டி ட்ராவிஸ், டுவைட் யோக்கம் முதலியோர் 1986இல் வெளியிட்ட இசைத்தட்டுகள் பழைய முறைக்குப் புத்துயிர் தந்தன என்று பாராட்டப்பட்டன. அவ்வாறாயின் அதே பழமையை நாடிய லாங்கை மட்டும் ஏன் ஐயுற்றனர்? இரு பழமைகளும் ஒன்றல்ல என்பதே விடை. அவர்கள் திரும்பியது பிடிலும் ஸ்டீல் கிற்றாரும் ஒலித்த பழமைக்கு. லாங் திரும்பியது வயலின் ஒலித்த பழமைக்கு. அந்த வயலின் பழமையோ, முப்பது ஆண்டுகளுக்கு முன், "இது நம் மரபைக் கெடுக்க வந்த புதுமை" என்று பழைய நேயராற் பழிக்கப்பட்டதாகும்!

ஆகவே பழமை என்று நாம் சொல்வது ஓர் உறுதியான இடமன்று. ஒவ்வொருவரும் தம் இளமையிற் கேட்டதையே மரபு என்கின்றனர். அதற்கு முந்தியதைப் பத்தாம்பசலி என்பர், பிந்தியதைக் கெடுதி என்பர். இசைத்தட்டிற் பங்குகொண்ட கிட்டி வெல்ஸின் வரலாறே இதற்குச் சான்று. 1952இற் பெண்ணின் பக்கம் நின்று நியாயம் கேட்ட பாடலொன்றை அவர் பாடியபோது, சில வானொலி நிலையங்கள் அதனை ஒலிபரப்ப மறுத்தன. அப்பாடலே கன்ட்ரி விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. தனித்துப் பாடிய பெண்ணொருவர் அவ்விடத்தை அடைந்தது அதுவே முதன்முறை. அன்று மறுக்கப்பட்டவர், 1988இல் மரபின் தாயாக நின்று இளம் பாடகியை ஆசீர்வதித்தார்.

இனி, இரவல் பாணி என்னும் குற்றச்சாட்டை நோக்குவோம். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. பழைய ஆடையை உடுத்துவதனால் ஒருவர் பழங்காலத்தவர் ஆகிவிடார். ஆனால் "ஷடோலாண்ட்" பாடல்களின் தெரிவைக் கவனித்தால், நகல் எடுப்பவரின் நோக்கம் அதில் இல்லை என்பது புலனாகும். பற்சி கிளைனின் புகழ்பெற்ற பாடல்களைத் திரும்பப் பாடிக் கைதட்டல் பெற லாங் முனையவில்லை. பொப் வில்ஸ் குழுவினர் 1940களில் வழங்கிய ஆடற்பாட்டு ஒன்று அதில் உண்டு. ஜாஸ் பாடகியர் பாடிய "பிளாக் கொஃபி" உண்டு. தம் காலத்தவரான கிறிஸ் ஐசக் எழுதிய புதிய பாடலும் உண்டு. கற்ற முறையைக் கொண்டு, கற்பித்தவர் பாடாதவற்றைப் பாடுவது நகல் ஆகாது. கையெழுத்தைப் பார்த்து எழுதிப் பழகும் மாணவன், பின்னர் அக்கையெழுத்திலே தன் சொந்தக் கடிதத்தை எழுதுவதை ஒத்தது அது.

துயரத்தை வாழ்ந்தவரே பாடவேண்டும் என்னும் வாதமும் முழுதும் பொருந்தாது. "கிரேசி" பாடலின் சொற்கள் பற்சி கிளைன் எழுதியவை அல்ல. அவர் அவற்றைத் தமதாக்கினார். பிறர் சொல்லைத் தமதாக்கும் ஆற்றலே பாடுதல் என்னும் கலை. மரபில் பிறந்தவர் மட்டுமே மரபைப் பாடலாம் என்று விதித்தால், அவர்களோடு மரபும் மறையும். யாரும் எவ்வாறும் பாடலாம் என்று விட்டால், அது நாடக உடையாகிப் பொருளிழக்கும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய பாதை, பணிந்து கற்றல் என்பதே. லாங் அப்பாதையிற் சென்றார் என்பதற்கு, முதிய பிராட்லி அவருக்கு ஆசிரியராக அமர்ந்ததே சான்று.

பின்னர் நிகழ்ந்தவற்றையும் கூறிவிடுதல் முறை. அடுத்த இசைத்தட்டுக்காக 1990இற் கிரமி விருது லாங்குக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் அவர் புலாலுணவுக்கு எதிரான விளம்பரமொன்றிற் பங்குகொண்டார். கால்நடை வளர்ப்பே பிழைப்பாகவுள்ள அல்பேர்ட்டாவிலும் அமெரிக்காவின் மத்திய மாநிலங்களிலும் வானொலி நிலையங்கள் சில அவர் பாடல்களை நிறுத்திவிட்டன. பண்ணையாளரின் சினத்துக்குக் காரணம் இருந்தது. அது அவர்களது சீவனோபாயம். எனினும், குரல் அன்றைக்கு முந்திய நாள் எவ்வாறிருந்ததோ அவ்வாறே மறுநாளும் இருந்தது. மனிதர் செவியால் மட்டும் கேட்பதில்லை. ஊர்ப்பற்றாலும், பிழைப்பாலும், கொள்கையாலும், பாடுபவரின் கோலத்தாலும் கேட்கின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? 1992இல் லாங் கன்ட்ரி இசையை விட்டு வேறு வழியிற் சென்றார். அந்தக் கோபங்களெல்லாம் ஆறிய பின்னர், 2024இல், அதே அல்பேர்ட்டாவின் எட்மன்ரன் நகரிலேயே கனடாவின் கன்ட்ரி இசைப் பெருமக்கள் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

நேயர்களே, செய்யுளின் அழகுகளான வனப்புகள் எட்டினைத் தொல்காப்பியர் வகுத்தார். அவ்வெட்டினுள் "தொன்மை" என்பதும் ஒன்று. "விருந்து", அதாவது புதுமை, என்பதும் ஒன்று. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்த அப்பெருந்தகை, ஒன்றை ஏற்பவர் மற்றதை வெறுக்கவேண்டும் என்று கருதவில்லை. நாமும் பழைய பாணியிற் புதிய குரலொன்றைக் கேட்க நேரும்போது, "இது என் இளமையில் கேட்டதை ஒத்திருக்கின்றதா?" என்று வினவுவதோடு நின்றுவிடலாகாது. "பாடுபவர் இச்சொற்களை உணர்ந்து பாடுகின்றாரா?" என்றும் வினவுதல் வேண்டும். முதல் வினா நம்மை அளக்கும். இரண்டாம் வினாவே பாட்டை அளக்கும்.