உணவும் ஒரு கல்வியே!

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நோயுற்றோரை நலம் விசாரிக்கச் செல்லும்போது நான் காண்பதை நீங்களும் காண்கிறீர்கள். நாற்பது வயதைக் கடக்காதவர்களின் தலைமாட்டிலும் சர்க்கரை நோய் மாத்திரைகள் இருக்கின்றன. அதே வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளின் கையில் பாக்கெட் தின்பண்டம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பைப் பற்றி இந்த மிம்பரின் அருகில் நின்று பேசாமல் வேறெங்கு பேசுவது?

இறைமறை ஹலால் என்னும் சொல்லோடு தய்யிப் என்னும் சொல்லையும் இணைத்தே கூறுகிறது. அனுமதிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். தூயதாகவும் நல்லதாகவும் இருக்க வேண்டும். முதற் சொல்லுக்கு நாம் முத்திரை தேடுகிறோம். இரண்டாவது சொல்லைக் குறித்துக் கடைக்காரரிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர்களுள் முதன்மையானவர் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார். பெயரோ ஆழ்வாருடையது, அவர் பணியாற்றிய நிறுவனங்களுள் ஒன்றோ ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் தொடங்கியது, இன்று எடுத்துரைப்பவன் ஒரு மதரஸாவில் ஓதியவன். நன்மையான கல்விக்கு இந்த வேலிகள் கிடையா.

1938ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பட்டம் பெற்றார். 1963இல் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அரசுப் பணியில் சேர்ந்தார். கோவில்பட்டி அப்போது நம்முடைய பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். வானம் பார்த்த கரிசல் பூமி அது. பருத்தியிலும் சிறுதானியங்களிலும் இடைவெளி எவ்வளவு, உரம் எவ்வளவு என்று ஆராய்ச்சிப் பண்ணையில் சோதனைகள் நடந்தன. வேலிக்கு அப்பால் இருந்த மானாவாரி விவசாயியிடமோ அந்த உரத்தை வாங்கக் காசில்லை. மழை பொய்த்தால் வாங்கிய கடனும் நிற்கும். ஏழை விவசாயிக்குப் பயன்படாத ஆராய்ச்சியை எதற்காகச் செய்கிறோம் என்ற எண்ணம் முற்றி, 1969இல் வேலையைத் துறந்தார்.

அரசு உத்தியோகத்தை விட்டுவிட்டு வருவது எத்தகைய காரியம் என்பது, பிள்ளைக்கு ஓர் அரசு வேலை கிடைக்கத் துஆச் செய்யும்படி என்னிடம் வரும் வாப்பாமாருக்குத் தெரியும்.

அங்கிருந்து அவர் வந்து சேர்ந்த இடம் களக்காடு. நம் குற்றால அருவிகளைத் தரும் அதே மலைத்தொடர் தெற்கே நீண்டு செல்லும் அடிவாரத்து ஊர். 1958இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் டொமினிக் பியர் தொடங்கிய ‘அமைதித் தீவு’ என்னும் அமைப்பு அங்கே கிராம மேம்பாட்டுப் பணி செய்துவந்தது. அதில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வேளாண் வல்லுநராக இருந்தார். வெளியிலிருந்து விலைக்கு வாங்குவதைக் குறைத்து, நிலத்தின் கழிவையும் மாட்டின் சாணத்தையும் நிலத்துக்கே திருப்பிக் கொடுத்தாலன்றி விவசாயிக்கு மீட்சியில்லை என்ற தெளிவு அவருக்கு அங்கே உண்டாயிற்று.

மற்றொன்றும் அக்காலத்தில் நிகழ்ந்தது. வினோபா பாவே, பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே ஆகியோரின் கல்விச் சிந்தனைகள் அவரை ஈர்த்தன. கற்பவனின் தலையில் செய்தியை நிரப்புவது கல்வி ஆகாது, அவன் தன் நிலையைத் தானே கண்டு விடுபடுவதே கல்வி என்பது அவற்றின் சாரம். அந்த அறிஞர் ஆசிரியரானது இந்த இடத்தில்தான் என்று நான் கருதுகிறேன். 1979இல் ‘குடும்பம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். பின்னர் கரூர் மாவட்டம் கடவூர் அருகே ‘வானகம்’ என்னும் பயிற்சிப் பண்ணையை அமைத்தார். ஊர் ஊராகச் சென்று, பச்சைத் தலைப்பாகையோடு, படிக்காதவருக்கும் விளங்கும் பேச்சுத் தமிழில் மண்ணையும் சோற்றையும் சேர்த்தே பேசினார். 2013 டிசம்பர் 30 அன்று, காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிரான பணியில் இருந்தபோதே பட்டுக்கோட்டைப் பகுதியில் காலமானார்.

அவரால் உந்தப்பட்டவர்களுள் ஒருவர் திருவாரூர் மாவட்டத்து ‘நெல்’ ஜெயராமன். அவர் பாரம்பரிய நெல்விதையை இரண்டு கிலோ கொடுப்பார். மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே நிபந்தனை. (இது வட்டியாகாதா என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். கூடுதலாக வருவது அடுத்த விவசாயிக்குப் போகும் பொது விதை என்றேன். மஸ்அலாவை விரிவாகப் பிறகு பேசலாம்.) 2018இல் அவர் மறையும் முன் நூற்றுக்கு மேற்பட்ட நெல் வகைகள் இவ்வாறு மீண்டும் வயலுக்கு வந்தன.

இதைக் கேட்டவுடன் சிலர், அரசாங்கம் ஓர் ஆணை போட்டால் முடிந்ததே என்பார்கள். பக்கத்து இலங்கை 2021இல் அதைச் செய்து பார்த்தது. இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் அடிபட்டது, அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். மண்ணைப் பழக்கப் பல பருவங்கள் வேண்டும். மனிதரைப் பழக்க அதைவிட அதிகம் வேண்டும். ஒரு துண்டறிக்கையால் நம் மஹல்லாவின் உணவும் மாறிவிடாது. மற்றொன்றையும் அழுத்தமாகச் சொல்கிறேன். கம்பும் கேழ்வரகும் தின்கிறேன் என்று மருத்துவர் தந்த மாத்திரையை எவரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருவோர் அருவிக்கு அடுத்தபடியாகத் தேடுவது புரோட்டாவைத்தான். எப்போதாவது உண்பதை நான் குறை கூறவில்லை. ஆனால் தவிடும் முளையும் நீக்கிய மைதாவை அன்றாட இரவு உணவாக்கிக்கொண்டோம். நம் மலைத் தோட்டத்தில் விளையும் மங்குஸ்தான் பழத்தை வெளியூரார் வாங்கிச் செல்ல, நம் பிள்ளைகள் பாட்டிலில் அடைத்த பழச்சாற்றைக் குடிக்கிறார்கள்.

மறுபுறம் நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால், சிறிது கறி. பகலெல்லாம் வெறுமையாய் இருந்த வயிற்றுக்கு எது இதம் என்று அறிந்து நம் முன்னோர் வகுத்த கலவை அது. அதைப் பாதியில் வைத்துவிட்டு எண்ணெய் வடியும் சமோசாவுக்குக் கை நீட்டுவது நம் காலத்துப் பழக்கம். வலீமா விருந்துகளில் அண்டா அண்டாவாக மிஞ்சி மண்ணுக்குப் போகும் பிரியாணியைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைத்து, இசைவும் பெற்றுள்ளேன். மக்தப் மதரஸாவில் சனிக்கிழமைதோறும் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதிலாகச் சுண்டலும் மோரும் வழங்கப்படும். வரும் ரமளானில் ஒரு வாரம் மட்டும் தவிடு நீக்காத பாரம்பரிய அரிசியில் கஞ்சி காய்ச்சப்படும். அரிசியின் பெயரையும் அதை விளைவித்த ஊரின் பெயரையும் பலகையில் எழுதி வைப்போம். பிடிக்கவில்லை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், மறு வாரம் பழைய அரிசியே. மூன்றாவதாக, கார் சாகுபடி அறுவடையின்போது பிள்ளைகளை ஒரு நாள் வயலுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம்.

தம் பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர் வெள்ளிக்கிழமை அஸருக்குள் மோதினாரிடம் பெயர் கொடுக்கவும். உடன் வர உம்மாமார் நால்வர் தேவை. வயல் வரப்பில் நடக்க வேண்டியிருப்பதால் பிள்ளைகளுக்குப் பழைய செருப்பே போதும்.

வஸ்ஸலாம்.