கடல் கடந்த தாய்மாருக்கு நாம் கொடுக்கலாமா?

(சங்க ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)



சேவைக் கழகங்களும் தாய் சேய் நலமும் என்பது இன்று எங்களுக்குத் தரப்பட்ட விடயம். இதனைச் சங்கத்தார் ஏன் தெரிந்தெடுத்தனர் என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். சென்ற மாதக் கூட்டத்திலே, வெளிநாட்டுத் தாய்மாருக்கென உண்டியல் ஒன்று வைக்கலாம் என வாலிபர் சிலர் பிரேரித்தபோது, பெரியவர் ஒருவர் எழுந்து, "நம்ம பிள்ளைக்காம்பராவிலே கூரை ஒழுகுது. அதை விட்டுட்டு ஆபிரிக்காவுக்குக் காசு அனுப்பப் போறீங்களா தம்பி?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி எங்களை விடவில்லை. இந்நாட்டிலே மிகுதியாக மழை பெய்யும் ஊர்களுள் ஒன்றாகிய வட்டவளையிலே, ஒழுகும் கூரை சிரிப்புக்குரிய விடயமன்று. ஆகவே அப்பெரியவருக்கு மறுமொழி சொல்லும் முகமாகவே இவ்வுரையை அமைத்துக்கொண்டோம்.

மறுமொழியைப் புத்தகத்திலே தேடுமுன் வீட்டிலே தேடினோம். எங்கள் அப்பாயிக்கு எண்பது வயதாகப் போகிறது. அவருக்கு எங்கள் தந்தையார்தாம் மூத்த பிள்ளை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அது பிழை. 1966 இல் ஒரு குழந்தையும் 1968 இல் ஒரு குழந்தையும் அவருக்கு லயக் காம்பராவிலே பிறந்தன. கைக்கு அகப்பட்ட கவ்வாத்துக் கத்தியால் தொப்புள்கொடியை அறுத்து, அடுப்புச் சாம்பலை அப்பினார்களாம். இரண்டு நாள் குழந்தை நன்றாகப் பால் குடித்தது. பிறகு வாய் திறக்கவில்லை. தொட்டால் உடல் விறைத்தது. முதுகு வில்லாக வளைந்தது. மூத்தது ஆறாம் நாளும் இளையது எட்டாம் நாளும் போயின. "பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே போயிருச்சு. பேரில்லாததை என்னான்னு சொல்லி அழுவுறது?" என்றார் அப்பாயி.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. தம் பால் ஆகாமையினாலேதான் குழந்தைகள் இறந்தன என்று உறவினர் சிலர் சொன்னதை, இந்த ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் நம்பியிருந்தார். அது ஏற்புவலி என்னும் நோய், பாலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று நாங்கள் விளக்கியபோது, அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்ச் சாமி விளக்கைத் தூண்டிவிட்டு வந்தார்.

இந்நோயைத் தனுர்வாதம் என்றும் சொல்வர். தனு என்றால் வில். நோயுற்ற உடல் வளைவதைக் கண்டே அப்பெயர் இட்டனர். இதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் உறங்கிக் கிடப்பது. துப்புரவற்ற கத்தியாலோ சாம்பலாலோ பச்சைத் தொப்புளுக்குள் புகுந்தால் அது நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு நரம்புகளைத் தாக்கித் தசைகளை இறுக்குகிறது. பிரசவித்த தாயையும் இது கொல்லும். மண்ணிலே வாழும் கிருமியாதலால், பெரியம்மையை 1980 இல் உலகம் ஒழித்துவிட்டதுபோல் இதனை அடியோடு ஒழித்தல் இயலாது. ஆயினும் தடுப்பது மிக எளிது. கர்ப்பிணிக்கு ஊசி போட்டால் அவள் உடலிலே உண்டாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலுள்ள குழந்தைக்கும் சேர்கிறது. தாய் போட்டுக்கொள்ளும் ஊசி பிள்ளையைக் காக்கிறது. 1988 ஆம் ஆண்டிலே உலகெங்கும் ஏறக்குறைய 787,000 பச்சிளங் குழந்தைகள் இந்நோயினால் மாண்டன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எங்கள் அப்பாயியின் குழந்தைகளைப் போல், வைத்தியசாலைக்கு வெளியே பிறந்த ஏழைகளின் பிள்ளைகள்.

இனிச் சேவைக் கழகத்துக்கு வருவோம். 1915 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரிலே தொடங்கியது கிவானிஸ் கழகம். ரோட்டரி, லயன்ஸ் என்பவற்றை அறிந்த அளவுக்கு நம் பக்கத்தில் இதனை அறியார். வியாபாரிகளும் உத்தியோகத்தரும் வாரந்தோறும் கூடி, உணவருந்தி, ஊருக்கு நன்மை செய்வது இத்தகைய கழகங்களின் வழக்கம். பெண்களை 1987 ஆம் ஆண்டு வரை கிவானிஸ் அங்கத்தினராகச் சேர்க்கவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். அப்படிப்பட்ட கழகம் 2010 ஆம் ஆண்டிலே, தாய்மாரையும் சிசுக்களையும் கொல்லும் ஏற்புவலியை அகற்றுவதற்காக 110 மில்லியன் டொலர் திரட்ட உறுதிபூண்டு, ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்துடன் கைகோத்தது. அக்காலத்திலே ஒன்பது நிமிடத்துக்கு ஒரு குழந்தை இந்நோயினால் இறந்துகொண்டிருந்தது. ஒரு தாய்க்கு மூன்று ஊசி போட்டு முடிக்க 1.80 டொலர் ஆகும் என்று கழகம் கணக்கிட்டது. இன்றைய மதிப்பிலே ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். கொழுந்தெடுக்கும் ஒருவரின் அரைநாட் சம்பளத்துக்கும் குறைவு.

கழகங்களின் சேவையிலே எங்களுக்குப் பிடிக்காத ஒரு பகுதி உண்டு. ஒருநாள் முகாம் நடத்துவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், படம் எடுத்துக்கொண்டு மோட்டார் ஏறிப் போய்விடுவார்கள். மறுநாள் தாய்க்குக் காய்ச்சல் என்றால் கேட்க ஆள் இராது. கிவானிஸ் இவ்விடயத்திலே அவ்வாறு செய்யவில்லை என்பதே எங்கள் மதிப்பு. மேலைநாட்டிலிருந்து ஊசியைத் தூக்கிக்கொண்டு கழகத்தார் கிராமங்களுக்குள் நுழையவில்லை. ஆயிரக்கணக்கான சிற்றூர்க் கழகங்கள் சேர்த்த பணம் சிறுவர் நிதியத்துக்குப் போயிற்று. அதன் துணையோடு அந்தந்த நாட்டு மருத்துவமாதரும் தாதியருமே ஊசியைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கால்நடையாய்ச் சுமந்து சென்றனர். முதல் ஊசிக்கு நான்கு வாரம் கழித்து இரண்டாவது, பிறகு ஆறு மாதம் பொறுத்து மூன்றாவது. ஒரே தாயைத் தேடி மும்முறை போகவேண்டும். இது ஒருநாள் முகாமினால் ஆகிற காரியமா?

நோயை அகற்றிவிட்டதாக எப்போது கொள்வர் எனில், ஒரு நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவாக நோய் வரவேண்டும். 1995 இல் முடிப்போம் என்றார்கள், முடியவில்லை. 2005 என்றார்கள், 2015 என்றார்கள், அவ்வாண்டுகளும் கடந்தன. ஆனால் நூற்றாண்டின் தொடக்கத்திலே நோய் மிகுந்திருந்த 59 நாடுகளுள் பெரும்பாலானவை இன்று அதனை அகற்றிவிட்டன. நம் முன்னோர் புறப்பட்டு வந்த இந்தியா 2015 இல் அகற்றியது. எஞ்சியவை பெரும்பாலும் போரும் பஞ்சமும் கலங்கடிக்கும் நாடுகள்.

இலங்கை அந்த 59 நாடுகளுள் இல்லை. ஏன் இல்லை என்பதிலேதான் பெரியவருக்கு எங்கள் மறுமொழியின் பாதி அடங்கியிருக்கிறது. 1930 களிலே இத்தீவில் இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான தாய்மார் இறந்தனர். 1926 இல் களுத்துறையிலே முதற் சுகாதாரப் பகுதி தொடங்கியது முதல், பயிற்றப்பட்ட மருத்துவமாதர் வீடு வீடாகச் சென்றமையால் அத்தொகை படிப்படியாகச் சரிந்தது. கர்ப்பிணிகளுக்கு ஏற்பு ஊசி போடும் வழக்கம் 1969 இல் வந்தது. விரிவான தடுப்பூசித் திட்டம் 1978 இல் தொடங்கியபோது அதற்குச் சிறுவர் நிதியம் துணைநின்றது. அந்த நிதியத்துக்குப் பணம் தந்தவர் எவர்? நம் பெயரும் ஊரும் அறியாத பிறநாட்டார். நாம் உண்ணும் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மழை மிகுந்த நம் பக்கத்து மண்ணில் அயடின் குறைவு. தொண்டைக் கழலையும் குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சிக் குறையும் அதனால் வருவன. 1995 முதல் இந்நாட்டில் உப்புக்கு அயடின் சேர்ப்பது சட்டமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டுதான் கிவானிஸ் கழகம் உலகெங்கும் அயடின் குறைவைப் போக்கப் பணம் திரட்டத் தொடங்கியிருந்தது.

ஆயினும் தோட்டத்துக்கு எல்லாம் பிந்தியே வந்தன. 1974 ஆம் ஆண்டின் உணவுப் பஞ்சத்திலே தோட்டங்களில் ஆயிரம் சிசுக்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்டவை இறந்தன. எங்கள் தந்தையார் 1972 இல் வைத்தியசாலை ஒன்றிலே பிறந்தார். அப்போது கையிலே ஓர் ஊசி போட்டது அப்பாயிக்கு நினைவிருக்கிறது. எதற்கென்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், தம் பாலைப் பழித்துக்கொண்டே அவர் வாழ்ந்திருக்கமாட்டார்.

நாங்கள் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். நல்ல சமாரியனின் கதையை ஆண்டுக்கொரு முறையேனும் அங்கே கேட்டிருக்கிறோம். வீட்டிலே அப்பாயி சொன்னது தாயுமானவர் கதை. திருச்சிராப்பள்ளியிலே ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம். பார்க்க வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட்டாள். இறைவனே அத்தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தான். வெள்ளம் வடிந்து மெய்யான தாய் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. இரு கதைகளிலும் உதவியவர் பெயர்ப்பலகை நாட்டவில்லை. அக்கரையிலே நிற்கும் தாய்க்குப் பதிலாக எவரேனும் இக்கரையிலே நிற்கவேண்டியிருக்கிறது. கிவானிஸ் அங்கத்தினர் செய்ததும் அதுதான். நாமும் ஒருகாலத்திலே அவ்வாறு நிற்கப்பட்டவர்கள்.

மறுமொழியின் மற்றப் பாதியிலே பெரியவர் சொன்னது முற்றிலும் சரி. 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். தோட்டங்களிலோ நூற்றுக்கு முப்பத்திரண்டு. நம் பிள்ளைக்காம்பராவிலே கூரையும் வேண்டும், முட்டையும் பாலும் வேண்டும். இதனை எந்த வெளிநாட்டுக் கழகமும் வந்து செய்யும் என்று காத்திருத்தல் நமக்கு அழகன்று.

ஆதலால் சங்கத்துக்கு எங்கள் பிரேரணை இது. உண்டியல் ஒன்றன்று, இரண்டு. ஒன்று பிள்ளைக்காம்பராக் கூரைக்கு. வரும் தென்மேற்குப் பருவமழைக்குமுன் தகரம் மாற்றியாகவேண்டும். வேலையை வாலிபராகிய நாங்களே செய்வோம். மற்றது சிறுவர் நிதியத்தின் தாய் சேய் தடுப்பூசிப் பணிக்கு. முதலாவதிலே மூன்று பங்கு சேர்ந்தால் இரண்டாவதிலே ஒரு பங்கு சேரட்டும். கேள்வி கேட்ட பெரியவரே இரண்டுக்கும் கணக்குப் பார்க்க இசைந்திருக்கிறார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.

நேற்றிரவு இவ்வுரையை வீட்டிலே வாசித்துக் காட்டினோம். அப்பாயி முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த ஊருப் பொம்பளைகளுக்கு ஊசி எதுக்குன்னு சொல்லிக் குடுப்பாங்களா?" எங்களிடம் மறுமொழி இல்லை. பணத்துடன் அனுப்பும் கடிதத்திலே முதல் வரியாக அதனையே எழுதிக் கேட்பதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம்.